வளரும் பிள்ளைக்கு ஒரு மட்டை

முதலியார்பேட்டையில் பனிக்கட்டியை அறியாதவர் யாருமில்லை. அது மீன் பெட்டிக்குள் இருக்கும். சித்திரை வெயிலில் சர்பத்துக் கடைத் தம்ளரில் மிதக்கும். கலியாண வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றிக் குவிந்து கிடக்கும். இம்மூன்று இடங்களையும் தவிர நான்காவதாக ஓர் இடத்தில் பனிக்கட்டியைக் கண்டவர்கள் எங்கள் தெருவில் அநேகமாக இல்லை. இப்பேர்ப்பட்ட ஊரில், ஒன்பது வயதுப் பேத்தி ஒருத்தி டெலிவிஷன் பெட்டியின் முன்னாலிருந்து எழுந்து வந்து, "தாத்தா! நான் பனிக்கட்டி மேலே ஹாக்கி ஆடப் போறேன். சாமானெல்லாம் வாங்கித் தாங்க!" என்று சொன்னால், ஒரு தாத்தா என்னதான் செய்வார்?

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஆயாவைக் கூப்பிட்டேன்.

ஆயா வந்து விஷயத்தைக் கேட்டாள். "பனிக்கட்டி மேலே நின்றால் ஜலதோஷம் பிடிக்குமே!" என்பதுதான் அவள் சொன்ன முதல் ஆட்சேபம். பிறகு அவளும் உட்கார்ந்து பார்த்தாள். திரையில் தெரிந்தவர்கள் லடாக்கு நாட்டுப் பெண்கள். லே நகரத்தில் மாரிக்காலம் வந்துவிட்டால் குளமும் குட்டையும் இறுகிக் கண்ணாடியாகிவிடுகின்றன. அந்தக் கண்ணாடியின்மேல், காலில் எஃகுத் தகடு பொருத்திய பாதரட்சையுடன் அவர்கள் காற்றாய்ப் பறந்துகொண்டிருந்தார்கள். நம் தேசத்துப் பெண்கள் பனி ஹாக்கி அணியாகத் திரண்டு வெளிநாட்டுப் பந்தயத்துக்கு முதன்முதல் சென்றது 2016-ஆம் ஆண்டில். ஆரம்பத்தில் அவர்களுக்குச் சொந்தச் சாமான் போதவில்லை. ஆண்களிடம் இரவல் வாங்கிய கவசங்களையும், ஒருவர் கழற்ற மற்றொருவர் மாட்டிக்கொண்ட பாதரட்சைகளையும் வைத்துக்கொண்டே பழகினார்கள். அப்படிப் பழகியவர்கள் 2025-ஆம் ஆண்டு அரபு நாட்டு அல் அயின் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றுத் திரும்பினார்கள்.

ஆயாவின் கண்கள் கலங்கிவிட்டன. "சரி, வாங்கிக் கொடுங்க" என்றாள்.

வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் எங்கே ஆடுவது? பனி ஹாக்கிக்குத் தலைக்கவசம், தோள் காப்பு, முழங்கை காப்பு, கையுறை, இடுப்புக் கவசம், கணைக்கால் காப்பு, பனிச்சறுக்குப் பாதரட்சை, மட்டை என்று எட்டுச் சாமான்கள் வேண்டும். எட்டையும் வாங்கிய பிறகும் ஒன்பதாவதாக ஒரு பனித்தளம் வேண்டும். அது கடலூர்ச் சாலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே வீட்டில் ஒரு மந்திராலோசனை நடந்தது. "பனி இல்லாவிட்டால் போகிறது, மண் இருக்கிறதே! மண்ணில் ஆடும் ஹாக்கியும் ஹாக்கிதானே?" என்று பேத்தியின் தகப்பன் சமாதானம் சொன்னான். பேத்தி கொஞ்சம் யோசித்தாள். "அதிலேயும் மட்டை உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றதும் சம்மதித்துவிட்டாள்.

அவள் சம்மதித்தது சின்ன விஷயமன்று. நம் தேசம் அடிமைப்பட்டிருந்த காலத்திலேயே உலகத்தார் முன் தலைநிமிர்ந்து நின்றது இந்த விளையாட்டில்தான். 1928-இல் ஆம்ஸ்டர்டாமிலும், 1932-இல் லாஸ் ஏஞ்சலீஸிலும், 1936-இல் பெர்லினிலும் நம்மவர் தங்கப் பதக்கம் வென்றனர். சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948-இல், லண்டன் மாநகரத்தில் பிரிட்டிஷ் அணியையே 4-0 என்ற கணக்கில் வென்றனர். 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவராயிருந்தவர் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். தெற்கே கோவில்பட்டிக்குப் போனால், தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் எவ்வளவு பிரசித்தமோ அவ்வளவு ஹாக்கியும் பிரசித்தம்.

நான் செய்த பிழை

மறுநாளே நான் கடைவீதிக்குப் புறப்பட்டேன். ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் மட்டைகள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் 30 அங்குல மட்டை ஒன்றையும் 36 அங்குல மட்டை ஒன்றையும் எடுத்து நீட்டினார். விலையில் பெரிய வித்தியாசமில்லை. அந்தச் சமயத்தில் என் நாவில் ஒரு பழைய வாக்கியம் தானாகவே வந்து உட்கார்ந்தது: "வளரும் பிள்ளை; பெரிதாகவே கொடுங்கள்!"

இந்த வாக்கியத்தைச் சொல்லாத குடும்பஸ்தர் உண்டா? பள்ளிக்கூடப் பாவாடைக்கு இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கிறோம். மழைக்கோட்டைக் கணுக்கால் வரையில் வாங்குகிறோம். செருப்பில் ஒரு விரல் இடம் விடுகிறோம். பாவாடையின் மடிப்பை வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடலாம். மட்டைக்கு மடிப்பு வைக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தியைத் திடலுக்கு அழைத்துப் போனேன். அங்கே பயிற்சி கொடுப்பவர் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர்; குழந்தைகள் அவரை "மாஸ்டர்" என்று அழைப்பார்கள். அவர் எங்கள் மட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு மிக்க மரியாதையுடன், "ஐயா, இது உங்களுக்கா, குழந்தைக்கா?" என்று கேட்டார்.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கால் மணி நேரத்துக்குள் அதன் பலனைக் கண்ணாலேயே கண்டேன். பேத்தி குனிந்து பந்தைத் தள்ளும்போதெல்லாம் மட்டையின் மேல்முனை அவள் வயிற்றில் இடித்தது. அதற்குப் பயந்து அவள் பிடியைக் கீழே இறக்கிக்கொண்டாள். பிடி இறங்கவே முதுகு நிமிர்ந்துவிட்டது. முதுகு நிமிரவே பந்து தவறியது. "பெரிய மட்டை இரண்டு வருஷம் கழித்துப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் குழந்தை இரண்டு வருஷத்துக் கெட்ட பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கும்" என்றார் மாஸ்டர்.

அளவு பார்ப்பது எப்படி?

அவர் காட்டிய முறை எந்தத் தாய்மாரும் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியது. குழந்தையை ஆடும் பாதரட்சையுடன் நேராக நிற்க வைக்க வேண்டும். மட்டையைப் பக்கத்தில் தரையில் ஊன்ற வேண்டும். மட்டையின் நுனி இடுப்பு எலும்பின் மேட்டை எட்டினால் சரி. தொப்புளைத் தாண்டினால் மட்டை பெரிது. தொடையின் நடுவில் நின்றால் சிறிது. ஏறக்குறைய 4 அடி உயரமுள்ள குழந்தைக்கு 28 அல்லது 30 அங்குல மட்டை போதும். வயதைக் கேட்டு மட்டை கொடுக்கும் கடைக்காரரிடம் குழந்தையையே அழைத்துப் போய் நிறுத்துவது நல்லது.

அடுத்தது கனம். விதிப்படி மட்டை 737 கிராமுக்கு மேல் போகலாகாது. அது பெரியவர்களுக்குச் சொன்ன எல்லை. குழந்தை ஒரு கையால் மட்டையை முன்னே நீட்டிப் பத்து எண்ணும் வரையில் நடுங்காமல் பிடிக்க வேண்டும். நடுங்கினால் அது அவளுக்குக் கனம்.

முன்பு முசுக்கட்டை மரத்தில் மட்டை செய்தார்கள். இக்காலத்தில் கண்ணாடி இழையும் கார்பன் இழையும் சேர்த்துச் செய்கிறார்கள். கார்பன் மிகுந்த மட்டையின் விலையும் மிகுதி, விறைப்பும் மிகுதி. அடித்தால் பந்து பாய்ந்து போகும். ஆனால் கற்றுக்கொள்ளும் குழந்தைக்குப் பந்து பாய வேண்டியதில்லை. மட்டையில் தங்க வேண்டும். அதற்கு மர மட்டையோ கண்ணாடி இழை மட்டையோதான் உத்தமம். ஜலந்தரிலும் மீரட்டிலும் நம் நாட்டுத் தொழிலாளர் செய்யும் மட்டைகளே இதற்குத் தாராளமாய்ப் போதும்.

இன்னொரு செய்தியும் உண்டு. எங்கள் பேத்தி இடக்கைக்காரி. இடக்கை மட்டை கேட்டு நான் இரண்டு கடைகள் ஏறி இறங்கினேன். உலகத்தில் அப்படி ஒரு மட்டையே விளையாட்டு விதிக்குள் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஹாக்கி மட்டையின் இடப்பக்கம் மட்டுமே தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தால்தான் ஆட வேண்டும். ஆனால் இதற்காக வருந்த வேண்டுவதில்லை. மேலே பிடித்து மட்டையைச் சுழற்றுவது இடக்கை. வலக்கை கீழே தாங்கிக் கொடுப்பதோடு சரி. "பாப்பாவுக்கு இது யோகந்தான்" என்றார் மாஸ்டர்.

நூற்றைம்பத்தாறு கிராம்

மட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு வேறொரு பாடமும் காத்திருந்தது. இரண்டாவது வாரம் பதினோரு வயதுப் பையன் ஒருவன் எதிரே வந்த பந்தைப் பார்த்துக் குனிந்தான். பந்து மட்டை விளிம்பில் பட்டு எகிறி அவன் வாயில் மோதியது. கையை எடுத்தபோது மேல்வரிசை முன்பல் ஒன்று உள்ளங்கையில் இருந்தது.

பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீரைத் தேடி ஓடினார்கள். மாஸ்டர் மட்டும் நிதானமாக, "டீக்கடையில் காய்ச்சாத பால் ஒரு தம்ளர் வாங்கி வா!" என்று ஒரு பையனை விரட்டினார். பல்லின் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து, துடைக்காமல், தேய்க்காமல் பாலில் போட்டார். அரை மணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் அந்தப் பல்லை அதே குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டினார். "காய்ந்த துணியில் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரங்கழித்து வந்திருந்தால் என்னால் வாக்குக் கொடுக்க முடிந்திராது" என்றார். முளைத்து நிலைத்த பல்லுக்குத்தான் இந்த வைத்தியம்; விழுந்தது பாற்பல்லானால் திரும்ப வைக்கலாகாது, வைத்தியரிடம் காட்டினால் போதும் என்றும் சொன்னார்.

அன்றிரவு நான் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். ஹாக்கிப் பந்தின் எடை 156 கிராம் முதல் 163 கிராம் வரை. கிரிக்கெட் பந்தும் ஏறக்குறைய அதே எடைதான். பேத்தி பார்த்த பனி ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு ஒன்றை ஓட்டுகிறார்கள். அதன் எடையும் 156 கிராமில்தான் தொடங்குகிறது! தேசம் வேறு, தளம் வேறு. குழந்தையின் பல்லில் வந்து மோதுகிற பாரம் ஒன்றே. லடாக்குப் பெண்கள் தலைமுதல் கால்வரை கவசம் பூண்டு ஆடுகிறார்கள். நாமோ மட்டையை மட்டும் கையில் கொடுத்துக் குழந்தையைத் திடலுக்கு அனுப்பிவிட்டு, சாமான் வாங்கியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆகையால் வாங்கும் வரிசையை நான் தலைகீழாக மாற்றிக்கொண்டேன்.

முதலாவது, பல் காப்பு. கடையில் 'மவுத் கார்டு' என்று கேட்க வேண்டும். உறையில் கண்டபடி வெந்நீரில் போட்டு இளக்கி, வாய் பொறுக்கும் சூட்டில் குழந்தையின் மேல்வரிசைப் பல்லில் வைத்துக் கடிக்கச் செய்தால் அந்த வாய்க்கென்றே அச்சுப் பதியும். வாயைத் திறந்தாலும் அது விழாமல் நிற்க வேண்டும். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையில் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும் காலமாதலால், பொருத்தம் தளர்ந்தவுடன் புதிது வாங்க வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் வைத்தியரைக் கேட்டுச் செய்வது அவசியம்.

இரண்டாவது, கணைக்கால் காப்பு. கடைக்காரர் 'ஷின் கார்டு' என்பார். அது முழங்காலின் கீழிருந்து கணுக்காலின் மேல்வரை மூட வேண்டும். அதற்கு மேல் நீண்ட காலுறை போட்டால் நழுவாது. பெரிதாக வாங்கினால் ஓடும்போது திரும்பிப் பின்கால் சதையைக் காக்கும். அடியோ எலும்பில் விழும்!

மூன்றாவது, பாதரட்சை. மண் திடலுக்கு அடியில் சிறு ரப்பர்க் குமிழ்கள் உள்ளதே போதும்; கட்டைவிரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பனி ஹாக்கிப் பாதரட்சையில் அந்த இடமும் கிடையாது என்கிறார்கள். கால் அதில் ஆடினால் கணுக்கால் மடிந்துவிடுமாம். செயற்கைப் புல்தரையில் ஆடப் போகும்போது இடக்கைக்கு ஒரு கையுறை வேண்டும். மட்டையைத் தாழ்த்தும்போது விரல் முட்டிகள் தரையில் தேயாமல் இருக்கும்.

மட்டை நான்காவது. பந்து ஐந்தாவது, அதிலும் முதல் மாதம் டென்னிஸ் பந்தே போதும். கோல் காப்பவருக்குரிய தலைக்கவசம், மார்புக் கவசம், கால் மெத்தை முதலியவை எந்தக் குடும்பமும் தனியே வாங்கத் தக்கவையல்ல. அவற்றைச் சங்கமோ பள்ளிக்கூடமோதான் வாங்கி வைக்க வேண்டும்.

நம் ஊர்க் கடற்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியர்வையோடு பைக்குள் சுருட்டி வைத்தால் மூன்றாம் நாள் எல்லாம் பூஞ்சணம் பூத்துவிடும். வீட்டுக்கு வந்தவுடன் நிழலில் காற்றாட விரிக்க வேண்டும். மர மட்டையை வெயிலிலும் ஈரத்திலும் போடலாகாது. பல் காப்பைத் தண்ணீரில் கழுவித் துளையுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெயில் பட்டால் உருவம் கெடும்.

தகரப் பெட்டி

இவ்வளவும் சொன்னபின், நேயர்கள் என்னை ஒரு கேள்வி கேட்பார்கள். "ஐயா, வருஷத்துக்கு வருஷம் வளரும் குழந்தைக்கு வருஷத்துக்கு வருஷம் புதிது வாங்க நாங்கள் எங்கே போவது?" என்பதே அது. நியாயமான கேள்விதான். "வளரும் பிள்ளை" என்ற பழைய வாக்கியம் கருமித்தனத்தில் பிறந்ததன்று. மாதக் கடைசியில் பிறந்தது.

இதற்கு விடை எங்கள் தெருவிலேயே கிடைத்தது. பேத்தி ஆடுவதைத் தினமும் சுவரருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அடுத்த தெருச் சிறுமி ஒருத்தி. அவள் தகப்பனாருக்கு நிலையான வேலை கிடையாது. நான் வாங்கி வந்த 36 அங்குல மட்டை வீட்டு மூலையில் சும்மா சாத்தியிருந்தது. அந்தப் பெண் பதின்மூன்று வயதுக்கு நல்ல உயரம். ஒரு நாள் ஆயா அந்த மட்டையை எடுத்து அவள் பக்கத்தில் ஊன்றிப் பார்த்தாள். இடுப்பு எலும்பில் கச்சிதமாக நின்றது. "உங்க மட்டைக்குச் சொந்தக்காரி வந்துட்டா" என்றாள் என்னிடம்.

அன்று தொடங்கியதுதான் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் தகரப் பெட்டி. தெருவில் யார் குழந்தைக்கு எது சிறுத்துப் போனாலும் அதில் வந்து விழும். யாருக்குப் பொருந்துகிறதோ அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். விதிகள் மூன்றே. பல் காப்பு பெட்டிக்குள் வரலாகாது. அது வாய்க்கு வாய் மாறத்தக்கதன்று. வெடிப்புள்ள கவசமும் மட்டையும் வரலாகாது. கழுவி உலர்த்தாத எதுவும் வரலாகாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் வாங்குகிறவர்களும் இந்த மூன்றையும் பார்த்தே வாங்குவது நலம். பெட்டியில் ஒரு மட்டை இதுவரையில் மூன்று குழந்தைகளைப் பார்த்துவிட்டது. பெரிதாக வாங்குவது சிக்கனமன்று. பொருந்த வாங்கிக் கைமாற்றுவதே சிக்கனம்.

புனா நகரத்தை அடுத்த கிர்க்கியில், ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளையும் எறிந்துபோட்ட பந்துகளையும் வைத்துக்கொண்டு புழுதியில் ஆடிப் பழகியவர். பின்பு நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் தேசத்துக்காக ஆடினார். விலை உயர்ந்த மட்டை ஆட்டக்காரரை உண்டாக்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் உடைந்த மட்டையிலிருந்து ஒரு தன்ராஜ் எழுந்தார் என்பதற்காக, மற்றக் குழந்தைகளை உடைந்த மட்டையுடனேயே விட்டுவிடுவது நமக்குப் பெருமையாகாது.

முதலியார்பேட்டையில் நிற்பவனுக்கு வேறொரு நினைவும் வராமற் போகாது. கடலூர்ச் சாலையில் 1898-இல் தோன்றிய பெரிய மில் 2020-இல் மூடப்பட்டது. அதன் சங்கொலி இப்போது இல்லை. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, இந்தப் புதுச்சேரியில் உரிமை கேட்ட மில் தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 12 பேர் உயிர் நீத்தனர். அதற்கடுத்த மாதம் ஆகஸ்டு 15-ஆம் தேதி பெர்லினில் தியான் சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று வென்றது. ஒரே கோடைக்குள் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள். அந்தப் பன்னிரண்டு பேரின் தியாகத்துக்குப் பின்னரே, 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, எட்டு மணி நேர வேலை முறை இங்கே வேரூன்றியது. எட்டு மணி வேலை போக மிஞ்சும் மாலைப் பொழுது, தகப்பன் தன் குழந்தையைத் திடலுக்கு அழைத்துப் போவதற்காகவும் கிடைத்த பொழுதல்லவா? அதை வீணாக்கலாமா?

சென்ற ஞாயிறு பேத்தி பெட்டியைத் திறந்து, தனக்குச் சிறுத்துப்போன கணைக்கால் காப்பைக் கழுவி உள்ளே வைத்தாள். நோட்டுப் புத்தகத்தில் தேதியும் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "தாத்தா, லடாக்கிலேயும் இந்த மாதிரி ஒரு பெட்டி இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும், அம்மா. அங்கே இரவல் வாங்கித்தானே ஆரம்பித்தார்கள்!" என்றேன்.

"அப்போ நான் பெரியவளாகி அங்கே போனா, சாமான் வாங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு ஓடினாள். மட்டை அவள் அளவுக்குச் சரியாக இருந்தது.